வலது பக்கத்து ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்க வரும் ஆள் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதே நேரத்தில் தன் அம்மாவையும் அழைத்து வருவதாக சனிக்கிழமை மாலை பத்ரிநாத் போன் செய்தான்.

"அம்மா அக்காவோட புடவையெல்லாம் எடுத்துண்டு வந்துடட்டும் அத்திம்பேர். நீங்க அடுத்த வாரம் வேலை மாத்தலாகி ஹோசூர் போயிடுவேள். அப்புறம் யார் வந்து எடுக்கறது? ஏக் சாத், ஒரே நேரத்துல முடிச்சுடலாம்."

சரி என்றேன்.

பத்ரி என் மனைவி வைஷுவின் தம்பி. இதே ஊரில், விஷ்ராந்த்வாடியில் ஒரு வங்கியில் வேலை. ஸ்பீக்கர் வாங்கும் ஆளைப் பிடித்ததும் அவன்தான். லோஹேகாவ் விமானப்படையில் ரேடியோ மெக்கானிக், பெயர் சவரிமுத்து, வங்கியில் கணக்கு வைத்திருப்பவர். வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்காமல் ஸ்பீக்கர் வாங்க மாட்டாராம்.

வைஷு இறந்தது ஜனவரியில். இது செப்டம்பர். எட்டு மாதத்தில் என் மாமியார் பாலாம்பாள் தாபோடியில் இருக்கும் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கடைசியாக வந்தது பதின்மூன்றாம் நாள். அன்று சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது என்னைக் கேட்டார்.

"தலைய வலிக்கறதுன்னு உங்ககிட்ட சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"நீங்க என்ன பண்ணினேள்?"

"கண்ணாடிக் கடைக்கு அழைச்சுண்டு போனேன்."

உண்மையும் அதுதான். பவர் கொஞ்சம் ஏறியிருந்தது. புதுக் கண்ணாடி வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு ஒன்பது நாள் இருந்தாள். பத்தாம் நாள் குளியலறையில் விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வீங்கி வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் எல்லாம் முடிந்தது. முன்னாலேயே அழைத்து வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதை அவர் இரக்கத்தில் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

மாமியார் விடவில்லை. "மூணு வாரம் வலிக்கறதுன்னு ஒருத்தி சொன்னா, டாக்டர்கிட்ட போகணும்னு தோணாதா?"

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் சொன்னேன்.

"மாமி, அவ எல்லாத்தையும் சொல்லுவா. மூணு வருஷமா அந்த ஸ்பீக்கர் சரியில்லன்னு சொல்லிண்டிருந்தா. மீட்டர் வெச்சு அளந்து பாத்துட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல. அவ சுபாவம் அது."

மாமியார் எழுந்து போய்விட்டார்.

நான் அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் பிறகு எட்டு மாதமும் அதை வைத்துத்தான் தூங்கினேன். தளேகாவில் வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு எஞ்சினியராக இருக்கிறேன். அளக்காமல் எதையும் ஏற்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவள் சொன்னாள், அளந்தேன், ஒன்றும் இல்லை. ஒரு முறை அப்படி என்றால் மறு முறையும் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஸ்பீக்கர் வாங்கியது தொண்ணூற்றொன்பது தீபாவளிக்கு. அலமாரியில் வைக்கிற அளவு, இங்கிலாந்தில் செய்த ஜோடி. என் இரண்டு மாதச் சம்பளம். ஆம்ப்ளிஃபையர் ஹாலின் இடது மூலையில் இருந்தது. இடது ஸ்பீக்கர் அதன் பக்கத்திலேயே. வலது ஸ்பீக்கருக்கு வயர் பால்கனிக் கதவைச் சுற்றிப் போக வேண்டும். மறுநாள் பெயின்டர் வருகிறான் என்பதால் அன்று மாலையே பிளாஸ்டிக் பட்டை அடித்து அதற்குள் வயரை ஓட்டினேன். நான்கடி பற்றவில்லை. வேறு ஒரு துண்டை எடுத்துக் கதவுக்கு மேலே ஜாயிண்ட் போட்டேன். ஸ்டூல் மேல் நின்று நான் முறுக்கினேன். வைஷு கீழே நின்று டார்ச் அடித்தாள்.

முதல் பாட்டிலேயே சொன்னாள். "பாடறவா நடுவுல நிக்கலையே."

"என்னது?"

"கடைல கேட்டப்போ பாடறவா நமக்கு எதிர்த்தாப்ல நடுவுல நின்னா. இப்போ ரெண்டு பக்கமும் பிச்சுண்டு போறது. காதுக்குள்ள என்னமோ அமுக்கற மாதிரி இருக்கு."

மீட்டர் எடுத்தேன். இடது பக்கம் மின்தடை ஆறு ஓம். வலது பக்கம் ஆறு ஓம். வயரின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. "ஒண்ணுமில்ல. பழகிடும்" என்றேன்.

அவளுக்குப் பழகவில்லை. ஒரு வருடம் கழித்து சமையலறையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டாள். "இதுல ஒழுங்கா கேக்கறது" என்பாள். ஹாலில் அவ்வளவு விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன், இவள் தகர டப்பாவில் பாட்டுக் கேட்கிறாள் என்று நண்பர்கள் வந்தால் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

*

மாமியார் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படுக்கையறைக்குப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

"காபி போடட்டுமா மாமி?"

"வேண்டாம்."

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கீழே தெருவில் கணபதி பந்தலின் மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்ரி சோபாவில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தான்.

சவரிமுத்து சரியாகப் பத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து மூன்று சி.டி.யும் ஒரு இஞ்ச் டேப்பும் எடுத்து வைத்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நான் என் பாட்டத்தான் போட்டுக் கேப்பேன். தெரிஞ்ச பாட்டுல தான பெட்டி எப்பிடின்னு தெரியும். வீட்டுக்காரி சொல்லுவா, பொண்ணு பாக்க வந்தப்பகூட நீரு இவ்ளோ பாக்கலன்னு."

பத்ரி சிரித்தான். நான் சிரித்ததாக நினைவில்லை.

அவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே அளந்தார். எட்டடி. அதே எட்டடியை இரண்டிலிருந்தும் அளந்து, அது சேரும் இடத்தில் தரையில் விரலால் குத்தினார். "இங்கதான் உக்காரணும். முக்கோணம் சரியா இருக்கணும் பாத்துக்கிடுங்க. ஒரு நாற்காலி இருக்கா சார்?"

மூலையில் வைஷுவின் பிரம்பு நாற்காலி இருந்தது. பத்ரி அதை எடுத்துப் போட்டான்.

பாட்டு தொடங்கியது. ஒரு பெண் குரல், பின்னால் ஒரு புல்லாங்குழல், வேறொன்றுமில்லை. சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். எழுந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்றார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"என்ன சார் இது."

"ஏன்?"

"பெட்டி நல்ல பெட்டி. அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாடுத பொம்பள நடுவுல நிக்கலியே."

படுக்கையறையில் புடவை மடிக்கும் சத்தம் நின்றது.

"ரூம் அப்படி. பால்கனிக் கதவு ஒரு பக்கம் இருக்கோல்லியோ" என்றேன்.

"ரூமு இல்ல சார். ரூமு இப்பிடிப் பண்ணாது. அடியில சத்தமே இல்ல பாருங்க. காதுக்குள்ள கைய வுட்டு அமுக்குத மாதிரி இருக்கு."

பத்ரி பேப்பரை மடித்து வைத்தான். பதின்மூன்றாம் நாள் அவனும் இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருந்தான்.

சவரிமுத்து ஆம்ப்ளிஃபையரின் பின்னால் எட்டிப் பார்த்தார். சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. வலது ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. "ரெண்டு முனையும் சரியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

"ஒரு பென்சில் பேட்டரி தாங்க சார்."

பத்ரி டி.வி. ரிமோட்டிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். சவரிமுத்து இரண்டு ஸ்பீக்கரின் முன் துணியையும் உருவினார். உள்ளே கறுப்பு வட்டம் தெரிந்தது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து இடது வயரைக் கழற்றி முனைகளை பேட்டரியில் தொட்டார்.

"தம்பி, அந்தக் கறுப்பு வட்டத்தப் பாருங்க. வெளிய வருதா உள்ள போவுதா?"

டப் என்று ஒரு சத்தம்.

"வெளியில வரது" என்றான் பத்ரி.

"இப்பம் அந்தப் பெட்டியப் பாருங்க."

வலது வயரைத் தொட்டார். டப்.

"அரே! இது உள்ள போறது!"

"இன்னொருக்கா பாருங்க."

டப்.

"உள்ளதான் போறது. பக்கா."

மாமியார் கையில் ஒரு பாதி மடித்த புடவையோடு கதவருகே வந்து நின்றிருந்தார்.

"அதான் விசயம்" என்றார் சவரிமுத்து. "ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுருது. அப்பொறம் நடுவுல ஆள் எங்க நிக்கும்? எங்கயோ மாறிக் கெடக்கு." வலது ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு வயரையும் கழற்றி இடம் மாற்றிச் சொருகினார். இரண்டு நிமிட வேலை. திரும்ப அதே பாட்டைப் போட்டார்.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். சரியான இடம் அது இல்லை. அங்கேயே தெரிந்தது. ஒரு பெண் ஹாலின் நடுவில், சுவர் கடிகாரத்துக்குக் கீழே, நின்று பாடினாள். அவள் மூச்சு இழுப்பதுகூட ஒரே இடத்திலிருந்து வந்தது. அந்த இடத்தில் வெறும் சுவர்தான். நான்கு வருடமாக அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

பத்ரி என்னைப் பார்த்தான்.

"அத்திம்பேர். அக்கா சொல்லிண்டிருந்தது இதானா?"

"இல்ல."

"பின்ன?"

"போன வாரம் ஒட்டடை அடிச்சேன். வயரையெல்லாம் கழட்டித் துடைச்சுட்டுத் திரும்ப மாட்டினேன். அப்போ மாறியிருக்கும்."

"அப்போ முன்னாடி?"

"முன்னாடி சரியாத்தான் இருந்தது."

சவரிமுத்துவின் கண் ஆம்ப்ளிஃபையரிலிருந்து சுவரில் ஏறும் பிளாஸ்டிக் பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. பால்கனிக் கதவுக்கு மேல், பட்டை சற்றுப் புடைத்திருக்கும் இடத்தில் நின்றது. பட்டையின் மேல் சுவரின் அதே மஞ்சள் பெயின்ட், ஒரு கீறல் இல்லாமல். வயர் முனைகளை அவர் சற்று முன்தான் கையில் பிடித்திருந்தார். செம்பு பச்சை பூத்திருந்தது. போன வாரம் துடைத்த வயர் அப்படி இருக்காது. ரேடியோ மெக்கானிக்குக்குக் கண் இல்லாமலா போகும். அவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் எனக்குப் பழகிப்போன பார்வை அது.

"இருக்கும் சார். அவசரத்துல மாட்டுனா மாறித்தான் போவும். எங்களுக்கே மாறும்" என்றார்.

மாமியார் வந்து சோபாவில் உட்கார்ந்தார். கையிலிருந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டார். இந்த வீட்டில் எட்டு மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்தார்.

"சின்ன வயசுலேருந்தே அவ அப்படித்தான்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "ஸ்கூல்ல பெஞ்சு ஆடறதும்பா. பால்ல என்னமோ வாசனை வரதும்பா. போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. ராஸ்தா பேட்டை ஆத்துல ஒரு தரம் சுவத்துக்குள்ள எலி ஓடறதுன்னு ராப்பூரா தூங்கவே விடல. அவ அப்பா சுவத்தையே தட்டித் தட்டிப் பாத்தார். பாவம்."

பத்ரி, "ஆமாம்மா, அக்காவுக்குக் கொஞ்சம் வெஹம், வீண் பிரமை ஜாஸ்தி" என்றான்.

"உங்கள அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி கேட்டிருக்கப்படாது" என்றார் மாமியார். இப்போது என்னைப் பார்த்தார். "பெத்த வயிறு. என்னத்தையாவது சொல்லிடறது. மனசுல வெச்சுக்காதீங்கோ."

"பரவால்ல மாமி."

"ஒரு வாய் காபி கிடைக்குமா மாப்பிள்ளை?"

*

சமையலறைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்தேன். காலையில் இறக்கிய டிகாஷன் இருந்தது.

எட்டு மாதமாக எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். மன்னிப்புகூட வேண்டாம். மாமியார் வாயால், அது வைஷுவின் சுபாவம் என்று. இப்போது சொல்லிவிட்டார். அதுவும் தன் பெண்ணின் புடவையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். என்னிடம் ஒன்றும் அசையவில்லை. பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் பத்ரி, "அக்காவோட சி.டி. ஒண்ணு போடுங்கோ, அந்த நீல அட்டை" என்பது கேட்டது. பிறகு வீணை. இந்த சி.டி.யை அவள் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிடுவாள். ஏன் என்று கேட்டதில்லை. இப்போது மூன்றாவது பாட்டு போனது. நான் அதுவரை கேட்டிராத பாட்டு. என் வீட்டில் நான்கு வருடம் இருந்த சி.டி.

ஃபில்டருக்குப் பக்கத்தில் அவளுடைய டிரான்சிஸ்டர் இருந்தது. சிவப்பு. மேலே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தது. ஏரியல் உடைந்து, அவள் ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தாள். ஒரே ஒரு ஸ்பீக்கர். தள்ளவும் இழுக்கவும் அதற்கு இன்னொன்று கிடையாது.

அதைத்தான் அவள் வாங்கினாள். என்னோடு சண்டை போடவில்லை. மீட்டரை நம்பாதே என்று சொல்லவில்லை. சரியாகக் கேட்கிற ஒன்றை வாங்கி இங்கே வைத்துக்கொண்டு, நான் சிரித்தபோது கூடச் சிரித்தாள்.

காபியை இரண்டு டம்ளரில் ஆற்றினேன். பத்ரிக்கும் மாமியாருக்கும். சவரிமுத்து வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

மாமியார் டபராவோடு வாங்கி ஒரு வாய் குடித்தார். "நன்னா இருக்கு" என்றார். "அவ கை மணம் அப்படியே இருக்கு."

"அத்திம்பேர் ஏக்தம் எக்ஸ்பர்ட் ஆயிட்டார்" என்றான் பத்ரி.

"போன வாரம் நான் எதையும் தொடல" என்றேன்.

பத்ரிக்குப் புரியவில்லை. "எதை?"

"வயரை. ஒட்டடையும் அடிக்கல. அந்தக் கதவுக்கு மேல ஒரு ஜாயிண்ட் இருக்கு. தொண்ணூத்தொம்பதுல நான் போட்டது. அதுல மாத்தி முறுக்கியிருக்கேன். நாலு வருஷமா இது இப்படித்தான் இருந்தது."

சவரிமுத்து பாட்டை நிறுத்தினார்.

"மீட்டர் வெச்சுப் பாத்தேன்னேளே" என்றான் பத்ரி.

"பாத்தேன். கம்பி மாறினாலும் மீட்டர் அதே ஆறு ஓம்தான் காட்டும், அதுல இது தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நான் எஞ்சினியர். அவ சொல்றாளேன்னு சும்மா வெச்சுக் காமிச்சேன்." மாமியாரைப் பார்த்துச் சொன்னேன். "அவ சொன்னது சரி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எது?"

"ரெண்டும்."

கீழே மூங்கில் லாரியில் விழும் சத்தம். ஒருவன் மராத்தியில் யாரையோ திட்டினான். பத்ரி எழுந்து நின்றான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என்ன செய்வது என்று தெரியாமல் தன் அம்மாவைப் பார்த்தான்.

மாமியார் அழவில்லை. மடியிலிருந்த புடவையின் கரையை நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் போன் பண்ணினா" என்றார்.

"எப்போம்மா?" என்றான் பத்ரி.

"அந்த மூணு வாரத்துல. ரெண்டு தரம். தலைக்குள்ள என்னமோ துடிக்கறதும்மா, படுத்தா ஜாஸ்தியா இருக்குன்னா. ரெண்டாவது தரம் அழுதா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்லெண்ணெய் தேச்சுண்டு வெந்நீர்ல குளின்னேன். அவர் கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்காரோல்லியோ, அதைப் போட்டுண்டு சும்மா இரு, எப்பப் பாத்தாலும் ஏதாவது சொல்லி அவர் பிராணனை வாங்காதேன்னேன்."

பத்ரி, "நீ சொல்லவே இல்லையே" என்றான்.

"யார்கிட்டயும் சொல்லல."

பதின்மூன்றாம் நாள் இருபது பேருக்கு முன்னால் அவர் என்னை அப்படிக் கேட்டது ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் ஸ்பீக்கரைக் காட்டியதுபோல அவர் என்னைக் காட்டியிருக்கிறார். புரிந்ததால் அவர்மேல் எனக்கு ஒன்றும் இளகிவிடவில்லை. அவருக்கும் என்மேல் இளகவில்லை.

"இப்போ ஏன் சொன்னேள்?" என்றார்.

"என்ன?"

"ஒட்டடை அடிச்சேன்னேளே. நன்னாத்தானே இருந்தது? நான் அதை நம்பிட்டேன். நம்பி, காபி கேட்டேன். குடிச்சுட்டு ஆத்துக்குப் போய் இன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பேன். நீங்களும் தூங்கியிருப்பேள். அவதான் போயாச்சே. யாருக்காகச் சொன்னேள்?"

டிரான்சிஸ்டரைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

சவரிமுத்து சி.டி.களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "நான் இன்னொரு நா வாரேன் சார்."

"வேண்டாம்ப்பா" என்றார் மாமியார். "நீ இப்பவே எடுத்துண்டு போ. நன்னா இருக்கோல்லியோ?"

"பெட்டில ஒரு கொறையும் இல்லம்மா."

"அதான். எடுத்துண்டு போ."

அவர் என்னைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளச் சொல்லித் தலையாட்டினேன். பத்ரி ஒன்றையும் சவரிமுத்து ஒன்றையும் தூக்கிக்கொண்டு கீழே ரிக்ஷாவுக்குப் போனார்கள். மாமியார் புடவைப் பையை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்புப் போடும்போது சுவரில் கை ஊன்றினார். பிடிக்கப் போனேன். "வேண்டாம்" என்றார். வந்தபோது காபிக்குச் சொன்ன அதே வேண்டாம். படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். வரும்போது அப்படி ஏறினாரா என்று நான் கவனிக்கவில்லை.

சவரிமுத்து பணம் கொடுக்கவும் ஸ்டாண்டுகளை எடுக்கவும் இன்னொரு முறை மேலே வந்தார். சுருட்டி வைத்திருந்த இடது வயரைக் காட்டினார்.

"இதையும் எடுத்துக்கிடட்டுமா சார்?"

"எடுத்துக்கோங்க."

"அந்தப் பக்கத்து வயரு?"

"அது இருக்கட்டும்."

அவர் இடது வயரை ஸ்டாண்டில் சுற்றினார். "நானும் சொல்லியிருக்கலாம் சார், அந்தப் பட்டையப் பாத்தப்பமே. சின்ன விசயம்னு வுட்டுட்டேன்" என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன்.

மாமியார் வைத்த டம்ளரில் முக்கால் காபி இருந்தது. பிரம்பு நாற்காலி எட்டடியில் அப்படியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரும் ஸ்டூலும் எடுத்து வந்தேன். ஸ்டூலில் ஏறி, பால்கனிக் கதவுக்கு மேல் பட்டையின் மூடியை நெம்பினேன். நான்கு வருடப் பெயின்ட் ஓடு ஓடாக என் சட்டையில் உதிர்ந்தது.

உள்ளே ஜாயிண்ட் இருந்தது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வந்த வயரில் இரண்டு கம்பியும் ஒரே வெள்ளை, முனையில் மட்டும் சிவப்பு, கறுப்பு உறை மாட்டியிருந்தேன். இங்கே சேர்த்த துண்டில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. எந்த வெள்ளை எது என்று முறுக்கும் முன் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் பத்து வினாடி. மீட்டர் அன்று பைக்குள்தான் இருந்தது. இரண்டே கம்பி, இதில் என்ன தவறப் போகிறது என்று இறங்காமலே முறுக்கினேன். கீழேயிருந்து வைஷு ஒரு முறை, "பாத்துக்கோங்கோ" என்றாள். டார்ச்சை நேராகப் பிடி என்றேன்.

டேப்பைப் பிரித்தேன். முறுக்கு இறுக்கமாக இருந்தது. ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சுத்தமான வேலை.